அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது?

வீட்டில் இணையத்தோடு இணைந்த கருவி ஏதேனும் மக்கர் செய்தால் பெரியவர்கள் சொல்லும் முதல் வைத்தியம் எது என்று உங்களுக்குத் தெரியும். "அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்." பல வேளைகளில் இந்த வைத்தியம் பலித்தும் விடுகிறது. பலித்தவுடன் எல்லாரும் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எதனால் பலித்தது என்று கேட்பதில்லை. அறிவியல் பயில்பவர்கள் அப்படி விட்டுவிடலாமா?

இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றே ஒன்றை இங்கே ஆராய்வோம். நான் பட்டுத் தெரிந்துகொண்ட காரணம் அது.

எங்கள் கல்லூரியின் மொட்டை மாடியில் மாணவர்கள் சிலர் சேர்ந்து வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் சிறு கருவி ஒன்றை அமைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை அளவெடுத்து, அதை இணையத்தின் வழியாகத் தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்கு அனுப்புவது அதன் வேலை. இப்படிக் கேட்பவர்க்கெல்லாம் பணி செய்யக் காத்திருக்கும் கணிப்பொறியைச் சர்வர் என்பார்கள். அதை நாடிச் செல்லும் நம் பக்கத்து நிரலைக் கிளையன்ட் என்பார்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் கான்கிரீட் தளத்தின் மேல் காற்று எவ்வளவு சூடேறுகிறது என்று அறிவதற்கென்றே அந்தக் கருவியை வைத்தோம். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் மே மாதத்தில் 17-ஆம் தேதியோடு பதிவு நின்றுபோயிருந்தது. 11 நாட்களுக்கு ஓர் எண்கூட இல்லை. ஒரு நாளைக்கு 288 அளவுகள் வீதம் 3,168 அளவுகள் போயின. போன வெயில் திரும்பி வருமா?

கருவியில் பழுதோ என்று பார்த்தோம், இல்லை. கம்பி அறுந்ததோ என்றால் அதுவும் இல்லை. மாணவர் ஒருவர் அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். மறு நிமிடமே அளவுகள் ஒழுங்காகப் போய்ச் சேரத் தொடங்கின! விசாரித்தபோது விஷயம் வெளிப்பட்டது. சர்வரை நடத்துவோர் மே 17 அன்று அதை வேறொரு புதிய கணிப்பொறிக்கு மாற்றியிருந்தார்கள். பெயரை மாற்றவில்லை. எண் மட்டும் மாறியிருந்தது. நம் கருவியோ இடையில் மின்சாரம் நின்று தானாக மறுபடி தொடங்கும்வரை அந்த 11 நாளும் பத்து விநாடிக்கு ஒரு தரம் சலிக்காமல் அனுப்ப முயன்றுகொண்டே இருந்திருக்கிறது, காலி செய்த வீட்டின் கதவைத் தட்டுபவனைப் போல. நாங்கள் திரும்பி வந்த நாளில் கருவி மறுபடியும் சிக்கியிருந்தது. அது வேறு கதை. அனுப்ப இயலாத அளவுகளைச் சேர்த்து வைக்க அதில் இடமும் இல்லை.

பெயரும் எண்ணும்

இணையத்திலுள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறிகின்றன. ஐ.பி. முகவரி எனப்படும் இந்த எண், பழைய முறைப்படி 32 பிட் நீளமுள்ளது. அதாவது 2-ஐ 32 முறை தன்னோடு தானே பெருக்கினால் வரும் 429 கோடிச் சொச்சம் எண்களுள் ஒன்று. புதிய முறையில் 128 பிட். இத்தகைய எண்களை மனிதர் நினைவில் வைப்பது கடினம். ஆகவே நாம் பெயரைச் சொல்கிறோம். நிரல் அந்தப் பெயருக்குரிய எண்ணை எங்கேனும் கேட்டறிந்து, பிறகு அந்த எண்ணை நாடிப் போகிறது.

பெயர் வைத்ததன் பயன் நினைவில் நிற்பது மட்டுமன்று. பெயர் நிலையாக இருக்க, அதன் பின்னாலுள்ள எண்ணை உரியவர் தம் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். கணிப்பொறி பழுதானால் வேறொன்றை வைக்கலாம், கட்டடம் மாறலாம், நாடே மாறலாம். இந்த இரண்டாவது பயன்தான் பெரியது என்பேன். இதை மறந்த நிரல்களால்தான் தொல்லை.

இந்தத் தொல்லை இணையத்தின் தொட்டில் பருவத்திலேயே தோன்றியது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. அதில் இணைந்த கணிப்பொறிகள் அனைத்தின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னுமிடத்திலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய குழு அதைப் பேணி வந்தது. புதிதாக ஒரு கணிப்பொறி வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அவ்வப்போது பட்டியலைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணிப்பொறிகள் சில நூறாக இருந்தவரை சரி. பெருகப் பெருக, படியெடுத்து முடிப்பதற்குள் பட்டியலே பழையதாகிவிடும் நிலை வந்தது.

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்திலிருந்த பால் மொகபெட்ரிஸ் 1983-இல் இதற்கு மாற்று வழி ஒன்றை வகுத்தார். டி.என்.எஸ். என்று இன்று நாம் வழங்கும் பெயர் முறை அதுவே. 1987-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அடிப்படை. பட்டியல் முழுவதையும் ஒருவரே வைத்திருப்பதில்லை என்பது அதன் சிறப்பு. வானிலை.எடுத்துக்காட்டு.இந்தியா என்று ஒரு பெயர் இருப்பதாகக் கொள்வோம். பெயர் கற்பனை, ஆனால் இந்தியா என்று தமிழ் எழுத்தில் முடியும் பெயர்கள் உண்மையிலேயே உண்டு. இப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதலில் வேர்ச் சர்வர்களுள் ஒன்றிடம் போனால் அது, "இந்தியா என்று முடிவதை விசாரிக்க இன்னாரிடம் போ" என்கிறது. அவர் "எடுத்துக்காட்டு என்பதை விசாரிக்க இன்னாரிடம் போ" என்கிறார். அந்த மூன்றாமவர்தான் உரிய எண்ணைச் சொல்கிறார். தாலுக்கா அலுவலகத்தில் தொடங்கி ஊரில் விசாரித்துத் தெருவில் வந்து வீட்டைக் கண்டுபிடிப்பதைப் போன்றது இது. இவ்வளவு அலைச்சலையும் நமக்காகப் படுவதற்கு இடையில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. அதற்கு ரிசால்வர் என்று பெயர். பெரும்பாலும் நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் அதை நடத்தும்.

விடைக்கும் ஆயுள் உண்டு

ஒவ்வொரு தடவையும் இப்படி மூன்று வாசல் ஏறி இறங்கினால் உலகம் தாங்காது. எனவே ரிசால்வர் தான் அறிந்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கிறது. எவ்வளவு காலம்? அதைப் பெயருக்கு உரியவரே விடையோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறார்: "இந்த எண் 3,600 விநாடிக்குச் செல்லும்" என்பது போல. இதை விடையின் ஆயுள் என்போம். 300 விநாடி என்று வைப்பாரும் உண்டு. 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள் என்று வைப்பாரும் உண்டு. பாடத்தில் படித்த கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்வது. இது பால் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட தேதியைப் போன்றது; குறித்த கணம் வரை நல்லது, அதற்குப் பின் கொட்டிவிட வேண்டியது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நயம் இருக்கிறது. எண் மாறினால் ரிசால்வர் சிறிது நேரம் பழைய விடையைச் சொல்லக்கூடும் என்பது மெய்தான். ஆனால் அந்தத் தவறுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. ஆயுள் 3,600 விநாடி என்றால், எப்படியும் ஒரு மணி நேரத்திற்குள் தவறு தானே நீங்கிவிடும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அளவுகோலின் பிழை எவ்வளவு என்று தெரிந்தால் அந்தக் கோலை நம்பிப் பயன்படுத்துகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் எங்கள் கருவி 11 நாள் ஏமாந்தது எவ்வாறு? ரிசால்வரின் தவறா? அன்று. ரிசால்வர் அன்றைக்கே புதிய எண்ணைத் தெரிந்துகொண்டுவிட்டது. கருவிதான் அதனிடம் திரும்பக் கேட்கவே இல்லை.

ஓர் இலக்கத்தில் இருந்த தவறு

கருவிக்குள் இருந்த நிரலைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். முதற்படி: பெயரைச் சொல்லி எண் கேள். இரண்டாம் படி: அந்த எண்ணோடு தொடர்பு ஏற்படுத்து. மூன்றாம் படி: அளவுகளை அனுப்பு. நான்காம் படி: தொடர்பு அறுந்தால் பத்து விநாடி பொறுத்து இரண்டாம் படிக்குப் போ.

தவறு எங்கே என்று கண்டுபிடித்தீர்களா? நான்காம் படியில், "இரண்டாம் படிக்குப் போ" என்றிருப்பது "முதற்படிக்குப் போ" என்று இருந்திருக்க வேண்டும். ஓர் இலக்கம்தான்! எண் கேட்கும் வேலை சுழற்சிக்கு வெளியே நின்றுவிட்டது. கருவியை அணைத்துப் போட்டபோது நிரல் முதற்படியிலிருந்து தொடங்கியது. பெயரைச் சொல்லி மறுபடியும் எண் கேட்டது. புதிய எண் கிடைத்தது. மனிதர் கை வைத்துச் செய்ததை நிரல் தானே செய்திருக்கலாம்.

இதை எழுதியவர் கெட்டிக்கார மாணவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வுக்கூடத்தில் அந்த நிரல் ஒரு நாளும் பிழைபட்டதில்லை. ஏனெனில் ஆய்வுக்கூடத்தில் சர்வர் இடம் மாறியதில்லை. மேலும் பெரும்பாலான கணிப்பொறிகளில் பெயருக்கு எண் கேட்டுத் தரும் ஆயத்தச் சார்பு, எண்களை மட்டுமே தருகிறது. அவற்றின் ஆயுளைச் சொல்வதில்லை. தேதி அச்சிடாத உறையில் பாலை ஊற்றிக் கொடுத்தால் வாங்கியவர் என்ன செய்வார்? அனுபவசாலிகளே இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஜாவா மொழியில் பாதுகாப்புக் கண்காணிப்பு இயங்கும்போது, ஒரு தரம் அறிந்த எண்ணை நிரல் முடியும்வரை மறக்காமலிருப்பதே நெடுங்காலம் இயல்பான ஏற்பாடாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது: கயவர்கள் ஒரு பெயருக்கான எண்ணை நடுவில் மாற்றிச் சொல்லி நிரலை ஏமாற்றிவிடலாம் என்ற அச்சம். இன்று பாதுகாப்பான இணைப்புகளில் சர்வர் தன் பெயருக்குரிய சான்றிதழைக் காட்டியாக வேண்டும். எண் எதுவானாலும் ஆள் அவர்தானா என்று அங்கே சோதித்துக்கொள்ளலாம். எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

தோல்வி எத்தனை வகை?

தொடர்பு கிடைக்கவில்லை என்பதிலும் வகை உண்டு. கதவைத் தட்டுகிறீர்கள், உள்ளிருந்து "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று குரல் வருகிறது. இது மறுப்பு. கணிப்பொறி இருக்கிறது, நாம் தேடும் பணி அங்கே நடக்கவில்லை என்று பொருள். உடனே தெரிந்துவிடுவதால் இது நல்ல தோல்வி. இன்னொன்று மௌனம். தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், பதிலே இல்லை. இதுதான் பொல்லாதது. லினக்ஸ் இயங்குமுறை பல்லாண்டுக் காலம் எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். முதல் முறை தட்டிவிட்டு 1 விநாடி காக்கும். பிறகு 2, 4, 8, 16, 32, 64 விநாடி என்று காத்துக் காத்துத் தட்டும். கூட்டிப் பாருங்கள்: 127 விநாடி. இரண்டு நிமிடத்திற்கும் மேல் ஆன பிறகே "தொடர்பு கிடைக்கவில்லை" என்று நிரலுக்குச் சொல்லும்.

இதைவிடக் கொடியது மூன்றாவது வகை. பேசிக்கொண்டிருக்கும்போதே மறுமுனை மறைந்துவிடுவது. கேட்க மட்டும் செய்யும் நிரலுக்கு, எதிராளி பேசாமலிருக்கிறாரா, போய்விட்டாரா என்று வேறுபாடு தெரியாது. இடையிடையே "இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்க்கும் வசதி உண்டு; ஆனால் நாமாக மாற்றாவிட்டால் இரண்டு மணி நேர மௌனத்திற்குப் பிறகே அது முதல் கேள்வியைக் கேட்கும் என்பது பழைய விதி. ஆகவே தோல்வியை விரைவில் உணர்வதும் நிரல் எழுதுபவரின் பொறுப்பே. உணர்ந்தால்தானே மறுபடி விசாரிக்க முடியும்?

ஒரு பெயருக்குப் பல எண்கள் இருப்பதும் சாதாரணம். முதல் எண்ணில் மௌனம் என்றால் அடுத்ததைத் தட்ட வேண்டும். அதற்காக 127 விநாடி காத்திருக்கத் தேவையில்லை. 2017-இல் வெளியான ஒரு விதித்தொகுப்பு, கால் விநாடிக்குள் முதல் வாசல் திறக்கவில்லையெனில் அடுத்த வாசலையும் தட்டிவிடலாம். எது முதலில் திறக்கிறதோ அதில் நுழையலாம் என்று பரிந்துரைக்கிறது. பட்டியலிலுள்ள எல்லாமே தோற்றால் முதற்படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பழைய எண்ணை மறவாதவர்கள்

எங்கள் மாடியில் நிகழ்ந்தது சிறு விஷயம். உலக அளவில் நிகழ்ந்தவை உண்டு. வேர்ச் சர்வர்கள் என்று மேலே சொன்னேன். அவற்றுக்கு 13 பெயர்கள். எந்தப் பெயரை விசாரிக்கவும் இவர்களிடம் தொடங்க வேண்டும் என்றால், இவர்களுடைய எண்ணை யாரிடம் விசாரிப்பது? கோழியா, முட்டையா என்ற கேள்விதான். எனவே இந்த 13 பேரின் எண்களை மட்டும் ஒரு சிறு பட்டியலாக ரிசால்வர்களுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். அவர்களுள் ஜே என்ற எழுத்துடைய சர்வரின் எண் 2002 நவம்பரில் மாற்றப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2015-இல் சோதித்துப் பார்த்தபோதும் அந்தப் பழைய எண்ணைத் தேடி வினாக்கள் வந்துகொண்டிருந்தன! ஒழுங்கான ரிசால்வர் தொடங்கியவுடனேயே, பட்டியலிலுள்ள ஒருவரிடம் "இன்றைய 13 பேர் யார், யார்?" என்று கேட்டுத் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். கேளாதவை கேளாமலே காலம் கழித்தன.

2003 மே மாதத்தில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. ஆனால் பட்டவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. அமெரிக்காவில் மாடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம், கேட்பவர்க்கெல்லாம் சரியான நேரத்தைச் சொல்லும் சர்வர் ஒன்றை நடத்தி வந்தது. திடீரென்று அதை நோக்கி வெள்ளம் போல் செய்திப் பொட்டலங்கள் பாய்ந்தன. யாரோ தாக்குகிறார்கள் என்றே முதலில் எண்ணினார்கள். துருவிப் பார்த்ததில், அவை உலகெங்கும் வீடுகளில் இருந்த நெட்கியர் நிறுவனத்து இணையக் கருவிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அந்தக் கருவிகளின் நிரலில் பல்கலைக்கழக சர்வரின் பெயர்கூட இல்லை. எண்ணையே நேரடியாக எழுதிவிட்டிருந்தார்கள். பதில் வரும்வரை விநாடிக்கு ஒரு தரம் கேள் என்றும் எழுதியிருந்தார்கள். இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 7 லட்சம் உற்பத்தியாகியிருந்தன.

இப்போது இக்கட்டைப் பாருங்கள். வெள்ளத்தைத் தடுக்கப் பல்கலைக்கழகம் அந்தப் பொட்டலங்களை வாயிலிலேயே மறித்தது. மறித்தால் கருவிகளுக்குப் பதில் போகாது. பதில் போகாவிட்டால் அவை விநாடிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருக்கும்! ஜூன் மாதத்தில் விநாடிக்கு இரண்டரை லட்சம் பொட்டலங்கள் வந்தன. நேரம் கேட்கும் ஒரு பொட்டலத்தில் செய்தி 48 பைட், அதன் மேலுறைகள் 8-ம் 20-மாக 28 பைட், ஆக 76 பைட். 8-ஆல் பெருக்கினால் 608 பிட். இரண்டரை லட்சத்தால் பெருக்குங்கள்: விநாடிக்கு 15 கோடியே 20 லட்சம் பிட். "மணி என்ன?" என்ற ஒரே கேள்விக்கு இவ்வளவு போக்குவரத்து. எண்ணைக் கைவிட்டு ஓடவும் வழியில்லை. ஆளில்லாத எண்ணானாலும் பொட்டலங்கள் அந்தத் திசையில்தான் வரும். நிரலில் எண்ணுக்குப் பதில் ஒரு பெயர் இருந்து, தோல்வியுற்றபோதெல்லாம் அப்பெயரை மறுபடி விசாரித்திருந்தால், பெயருக்கு உரியவர் ஒரே மாற்றத்தில் வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம்.

எத்தனை தரம் கேட்பது?

மறுபடி கேட்க வேண்டும் என்றவுடன், கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி என்று எண்ணிவிடக் கூடாது. விநாடிக்கு ஒரு தரம் என்றால் ஒரு நாளைக்கு 86,400 தரம். அதற்குப் பதில், தோற்கத் தோற்கக் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குவோம்: 1, 2, 4, 8 என்று 1,024 விநாடி வரை, அதற்கு மேல் போகாமல் அங்கேயே நிறுத்துவோம். முதல் 1,023 விநாடிகளில் 11 முயற்சிகள். பிறகு நாள் முடியும்வரை 83. ஆக 94 முயற்சிகள்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுமை குறைந்துவிட்டது. இழப்போ, சர்வர் திரும்பி வந்த செய்தி நமக்கு அதிகம் போனால் 17 நிமிடம் தாமதமாகத் தெரியும் என்பது மட்டுமே.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு லட்சம் கருவிகள் ஒரே சர்வரை நாடியிருக்க, சர்வர் ஒரு கணம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். ஒரு லட்சமும் அதே கணத்தில் தோல்வி அடைகின்றன. எல்லாமே 1 விநாடி காக்கின்றன. எல்லாமே ஒன்றாக வருகின்றன. 2 விநாடி காக்கின்றன, மறுபடியும் ஒன்றாக. எழுந்து நிற்க முயலும் சர்வரை ஒவ்வொரு தரமும் கூட்டமாகச் சேர்ந்து கீழே தள்ளுகின்றன. 1831-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்கு பாலத்தில் படைவீரர்கள் ஒரே தாளத்தில் காலடி வைத்து நடந்ததால் பாலம் இடிந்ததைப் படித்திருப்பீர்கள். பாலத்தின் மேல் தாளம் கலைத்து நடக்க வேண்டும் என்பது அதன் பிறகு படைகளுக்கு வழக்கமாயிற்று. இங்கும் மருந்து அதுதான். 8 விநாடி காக்க வேண்டிய முறை வந்தால், 0-க்கும் 8-க்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தைப் பகடை உருட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கம்பியில் பல கணிப்பொறிகள் பேசும் ஈதர்நெட் முறையில், இருவர் பேச்சு மோதிக்கொண்டால் விலகி நிற்க இதே உபாயத்தை வகுத்தார்கள். அந்த முறை 1973-இல் உருவாகத் தொடங்கியது.

சரி, எண்ணைக் கேட்கப்போன இடத்திலேயே பதில் இல்லையென்றால்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் பெயர்களுக்கு எண் சொல்லும் சர்வர்கள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இணையத்திலிருந்து மறைந்துபோயின. கோடிக்கணக்கான கைபேசிகளில் இருந்த நிரல்கள் மறுபடி மறுபடி விசாரித்தன. ஆட்களும் மறுபடி மறுபடி விரலால் தட்டினார்கள். உலகெங்கும் ரிசால்வர்களிடம் வழக்கத்தைப்போல் 30 மடங்கு வினாக்கள் குவிந்ததாகக் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம் அன்று எழுதியது. ஆகவே பொறுத்துப் பொறுத்துக் கேட்கும் கட்டுப்பாடு ரிசால்வரிடம் விசாரிப்பதற்கும் பொருந்தும். இன்னொன்று: புதிய விடை கிடைக்கவில்லை என்பதற்காகப் பழைய எண்ணைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வேறு வழியில்லாதபோது அதையே தட்டிப் பார்ப்பதில் நட்டமில்லை. விசாரணைதான் தோற்றிருக்கும்; சர்வர் பழைய இடத்திலேயே நலமாக இருக்கக்கூடும்.

எங்கள் கருவியில் மாணவர்கள் அந்த ஓர் இலக்கத்தை மாற்றினார்கள். காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, பகடையும் சேர்த்தார்கள். அனுப்ப இயலாத அளவுகளை ஒரு வாரம் வரை சேமிக்கும் சிறு நினைவகம் ஒன்றும் பொருத்தினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, சர்வரின் எண்ணை வேண்டுமென்றே மாற்றிக் காட்டினார்கள். கருவி சிறிது தடுமாறி, நான்காவது முயற்சியில் புதிய இடத்தைக் கண்டுகொண்டது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் லினக்ஸ் இருந்தால், டிக் என்னும் மூன்றெழுத்துக் கட்டளையை ஆசிரியரின் உதவியோடு இடுங்கள். பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஓர் இணையதளத்தின் பெயரை எழுதுங்கள். விடையில் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் எண் தெரியும். அதுதான் ஆயுள், விநாடிக் கணக்கில். பத்து விநாடி கழித்து அதே கட்டளையை மறுபடியும் இடுங்கள். ஆயுள் குறைந்திருப்பதைக் காண்பீர்கள். பூச்சியத்தை நெருங்கும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பின் என்னவாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடையில் எண் திடீரென்று ஏறி இறங்கினால் அஞ்ச வேண்டாம். உங்களுக்குப் பதில் சொல்லும் ரிசால்வர் ஒன்றல்ல, பல என்று அதற்குப் பொருள்.

இனி ஒரு கணக்கு. ஒரு பெயருக்கு ஆயுள் 3,600 விநாடி. உங்கள் ரிசால்வர் கடைசியாக உரியவரிடம் விசாரித்து அறிந்தது காலை 10.15-க்கு. சர்வர் வேறு எண்ணுக்குக் குடிபெயர்ந்து, பழைய கணிப்பொறி அணைக்கப்பட்டது 10.40-க்கு. உங்கள் நிரல் தோல்வியுறும் ஒவ்வொரு முறையும் பெயரை மறுபடி விசாரிக்கிறது. இரண்டு முயற்சிகளுக்கிடையே அதிகபட்சம் 64 விநாடி காக்கிறது. பழைய எண்ணைத் தட்டுவது உடனே மறுக்கப்படுகிறது என்று கொள்க. அது புதிய சர்வரை அடைவது மிகவும் தாமதமானால் எத்தனை மணிக்கு? சர்வரை மாற்றப் போகிறவர் முந்தின நாளே என்ன செய்திருந்தால் அந்தத் தாமதம் ஐந்து நிமிடத்திற்குள் அடங்கியிருக்கும்?